அழித்தும் போகாத வரி

இது கட்டுக்கதை இல்லை. என் கூடப்பிறந்த தங்கைக்குப் பட்டப்பகலில், ஆள் நிறைந்த ஆபீசில் நடந்தது.

ஒரு சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்யும்போது திரையில் சின்னச் சின்னதாக அறிவிப்புகள் வருமே, அவற்றை எழுதுவதுதான் அவள் வேலை. அந்தக் கம்பெனியின் சாப்ட்வேர் இறைச்சிக் கிடங்குகளின் குளிர் அறைகளை இயக்குவது. அவள் புதிதாகச் சேர்ந்தவள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேனேஜருக்கு வார்த்தைகளை வெட்டுவதென்றால் கொண்டாட்டம். அன்று அவர் வெட்டச் சொன்னது இது:

'இன்ஸ்டால் ஆகும்போது அறைக் கதவு பூட்டிக்கொள்ளும். உள்ளே யாரும் இல்லை என்று நேரில் பார்த்துவிட்டுத் தொடரவும்.'

"எதுக்கும்மா இவ்வளவு நீட்டி முழக்கணும்? 'தொடரலாம்'னு மட்டும் போடு. சாயங்காலம் உன் வேலையை நிரந்தரம் பண்ணிடறேன்" என்றாராம்.

அவள் அழித்தாள். உடனே நாற்றம். எலி கிலி செத்துக் கிடக்கிறதா என்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. பக்கத்து சீட்டு அக்காவைக் கேட்டால், அவருக்கு எந்த வாடையும் இல்லையாம்.

சோதனைக்காகச் சாப்ட்வேரை ஓட்டிப் பார்த்தாள். அழித்த வரி அப்படியே திரையில் நின்றது.

சேமிக்க மறந்திருப்போம் என்று மறுபடி அழித்தாள். இந்த முறை கீபோர்டு பிசுபிசுத்தது. விரலைத் தூக்கினால் கொழுப்பு நூலாக வந்தது... சீ. துடைத்தாள். நகத்துக்குள் ஏறியிருந்தது போகவில்லை.

ஓட்டினாள். அதே வரி. கீழே புதிதாக இன்னொன்று.

'உள்ளே ஆள் இருக்கிறது.'

மூன்றாம் முறை அழித்தாள்.

டொக்... டொக்...

கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து.

டொக்...

உள்ளங்கையால் தட்டுகிற சத்தம்.

அழித்ததை அவசர அவசரமாகத் திருப்பிப் போட்டாள். சத்தம் நின்றது. நாற்றமும் போனது.

நேரே மேனேஜரிடம் போய், அந்த வரி இருக்கட்டும் சார் என்றாள். அந்த ஆள் எருமை மாதிரி அசையாமல் உட்கார்ந்து, அவள் கண்ணெதிரிலேயே தன் கையால் அழித்து, சாப்ட்வேரை ஒரு கிடங்குக்கு அனுப்பிவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொன்னாராம். இப்படியும் ஒரு பிறவி.

வேலை போனால் போகிறது, உள்ளே எவனாவது மாட்டிக்கொண்டால்? கிடங்குக்குப் போன் போட்டாள். எடுத்தவர் அங்கே சூப்பர்வைசர். ஆளெல்லாம் வெளியே இருக்கிறார்களா என்று பார்த்த பிறகு இன்ஸ்டால் பண்ணுங்கள், திரையில் இருந்த அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள் என்று விவரம் சொன்னாள்.

அதற்கு அவர் சொன்னார். முன்பு அவள் கம்பெனியிலிருந்தே இன்ஸ்டால் செய்ய வந்தவர், ஒரு வயரைப் பார்க்க உள்ளே போனபோது கதவு பூட்டிக்கொண்டது. குளிரூட்டியும் நின்றுவிட்டது. விடுமுறை முடிந்து வந்தவர்களுக்கு நாற்றத்தில்தான் தெரிந்ததாம். எச்சரிக்கை போடுங்கள் என்று கிடங்குக்காரர்கள் கெஞ்சியும், போட்டால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று மேனேஜர் மறுத்துவிட்டாராம்.

"அப்போ அந்த வரியை எழுதினது யாருங்க?"

"யாரும் எழுதலைம்மா. எங்களுக்கு அது வந்ததே இல்லை. ஆனா, அதை அழிக்கச் சொன்னாங்கன்னு போன் பண்ற நாலாவது ஆள் நீங்க."