எழுத்துரு மாற்ற மூன்று நாள்

யாருடைய கோப்பைத் திறந்தாலும் அவர் முதலில் படிக்கமாட்டார். முதல் தலைப்பின் மேல் ஒரு சொடுக்கு. உடனே கழுத்து லேசாக நீளும். கண் திரையின் இடது மேல் மூலைக்குப் போகும். அங்கே ஒரு சின்னப் பெட்டியில் எழுத்துருவின் பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் ‘ஹெடிங்ஸ்’ என்று ஒரு ஒட்டு தொங்குகிறதா என்று பார்ப்பார். தொங்கினால் முகம் தெளியும். பெயர் மட்டும் மொட்டையாக நின்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்.

“வாலே இல்லையே” என்பார், சந்தையில் மாடு பார்க்க வந்தவர் மாதிரி.

இதனாலேயே அலுவலகத்தில் அவருக்கு வாலக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள், அவரும் “என்ன?” என்று திரும்புகிறார். தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனி அது. மோட்டாரோடு பெட்டிக்குள் ஒரு கையேடு வருமே, பிரித்த கையோடு நாம் ஓரமாகப் போட்டுவிட்டு மறந்துபோவோமே, அதைத் தயாரிப்பதுதான் வாலக்காவின் வேலை. மாடிப்படிக்கு அடியில் அவருக்கென்று ஓர் அறை. யாராவது படியேறினால் தலைக்கு மேல் தடதடக்கும். காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்.

வால் விவகாரம் ஒன்றும் பிரமாதமில்லை. இது தலைப்பு என்று கணினிக்கு முறைப்படி சொல்லிவைத்தால் வால் முளைக்கும். பிறகு ஒரே ஓர் இடத்தில் எழுத்துருவை மாற்றினால் போதும். வால் உள்ள அத்தனை தலைப்பும் விசில் சத்தம் கேட்ட பள்ளிப் பிள்ளைகள் போல ஒரே சமயத்தில் மாறி நிற்கும். கீழே ஓடுகிற வரிகளுக்கும் அப்படியே, ‘பாடி’ என்று வேறொரு வால். ஆனால் உலகத்தில் முக்கால்வாசிப் பேர் வரியைப் பிடித்து, தடிமனாக்கி, பெரிதாக்கி, நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, தலைப்பு போட்டாயிற்று என்று எழுந்து போகிறார்கள். வாலக்கா கணக்கில் அது தலைப்பே இல்லை. தலைப்பு வேஷம் கட்டிய சாதாரண வரி.

“தலைப்பு கூப்பிடணும். பாடி பேசணும். ரெண்டும் சேர்ந்து கத்தினா யாரு கேக்கிறது?” என்பார்.

கையேட்டுக்கான விஷயத்தை எழுதித் தருகிற பொறியாளருக்கு இந்தத் தத்துவம் கொஞ்சமும் ஏறவில்லை. அவர் தலைப்புகளுக்குச் சிவப்பு, அடிக்கோடு, நிழல் மூன்றும் உண்டு. ஒருநாள் வாலக்கா பொறுக்கமுடியாமல், தலைப்புக்குக் காய்ச்சலா சார் என்று கேட்டுவிட்டார். பொறியாளர் அன்றிலிருந்து நிழலை மட்டும் கைவிட்டிருக்கிறார்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர், பொறுமைசாலி. குடியிருப்பில் லிப்ட் பழுது என்று அறிவிப்பு ஒன்றை அவர் அடித்துக்கொண்டு வந்தார். தலைப்புக்கு ஓர் எழுத்துரு, அதன் கீழே நான்கு வரிக்கு நான்கு எழுத்துரு. வாலக்கா அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“லிப்ட் ஓடலைன்னு சொல்லணும், அவ்வளவுதானேம்மா” என்றார் கணவர்.

“அதை ஒருத்தர் சொன்னா போதும்ங்க. அஞ்சு பேர் சேர்ந்து சொல்ற மாதிரி இருக்கு.”

திருத்திய அறிவிப்பு ஒட்டப்படுவதற்குள் லிப்ட் ஓட ஆரம்பித்துவிட்டது.

இத்தனை நறுக்காக இருக்கிறவர் பதினொரு வருடமாக ஒரு பொய்யைக் கட்டிக் காப்பாற்றி வருகிறார் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். அந்தப் பொய் பிறந்த விதம் இப்படி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அச்சுக்குப் போகுமுன் கையேட்டை ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்க்க அவகாசம் வேண்டும் என்று அப்போதைய மேலாளரிடம் கேட்டார். எழுதியவருக்குத் தெரியாதது உனக்கு என்ன தெரியப்போகிறது, படிப்பதையெல்லாம் வீட்டில் வைத்துக்கொள் என்று அவர் சொல்லிவிட்டார். அதே வாரம் முதலாளி விமானத்தில் ஏதோ ஒரு பத்திரிகையைப் பார்த்துவிட்டு வந்து, நம் கையேட்டுத் தலைப்பெல்லாம் அந்த மாதிரி மெலிசாக இருக்கவேண்டும் என்றார். எத்தனை நாள் ஆகும் என்று மேலாளர் கேட்டார். இரண்டு நிமிஷம் என்று சொல்லத்தான் வாலக்கா வாயைத் திறந்தார். வந்ததோ, “மூணு நாள் சார்.”

“அவ்வளவு சீக்கிரமாவா?” என்றார் மேலாளர்.

இரண்டு நிமிஷத்தில் எழுத்துருவை மாற்றிவிட்டு மீதி மூன்று நாளும் வாலக்கா கையேட்டைப் படித்தார். இடப்புறம் திருகவேண்டிய மூடியை வலப்புறம் திருகச் சொன்ன இடம் ஒன்று. ஒன்பதாம் படத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு எட்டுப் படத்தோடு முடிந்துபோன அத்தியாயம் ஒன்று. எல்லாம் ஓசைப்படாமல் திருந்தின. அதன் பிறகு முதலாளி விமானம் ஏறும்போதெல்லாம் எழுத்துரு மாறியது; அந்த மூன்று நாளும் அலுவலகமே படியில் பூனை மாதிரி ஏறி இறங்கும். எழுத்துரு மாற்றம் நடக்கிறதாம், தொந்தரவு செய்யாதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். படிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் கூடக் கிடைத்திருக்காது.

இப்போதைய மேலாளர் போன செவ்வாய்க்கிழமை காலையில் படியிறங்கி வந்தபோது, காலடியே ஒரு மாதிரி குதித்தது. ஆழ்கிணற்று மோட்டாருக்கான புதுக் கையேடு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். தலைப்புகளைக் கொஞ்சம் கனமாக்கச் சொல்லி முதலாளியிடமிருந்து உத்தரவு வந்திருக்கிறது. வாலக்கா வழக்கம்போல மூன்று நாள் கணக்கை மனசுக்குள் விரித்துவிட்டார்.

“உங்களுக்கு இனிமே கஷ்டமே இல்லைம்மா. ரெண்டே க்ளிக்காம். ஞாயித்துக்கிழமை என் மச்சான் வந்து காமிச்சான். மூணு மணிக்கு நானே வந்து பண்ணித் தர்றேன்.”

வாலக்கா நேர்வழியில் ஒரு முயற்சி செய்தார். பொறியாளர் இதை அவசரத்தில் எழுதியிருக்கிறார், ஒருமுறை படித்துப் பார்த்துவிடலாமே என்றார். பொறியாளரே படித்துவிட்டாராம் என்று மேலாளர் சொன்னார். எப்போது என்று கேட்டதற்கு, எழுதும்போதே என்று பதில் வந்தது.

மதிய இடைவேளையில் வாலக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கையேட்டைத் திறந்தார். தொண்ணூற்றாறு தலைப்பு. பொறியாளரின் சிவப்பையும் அடிக்கோட்டையும் உரித்து ஒவ்வொன்றுக்கும் போன வாரம் வாலக்காவே வால் வைத்தவை. முதல் தலைப்பைப் பிடித்தார். எழுத்துருப் பட்டியலில் கீழே இறங்கி, அதே எழுத்துருவின் பெயரை, வாலில்லாத பெயரை, எடுத்து அதன் மேல் வைத்தார். பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை. வால் மட்டும் போயிற்று.

எல்லாவற்றையும் வெட்டினால் சந்தேகம் வரும் என்று இரண்டை விட்டு, மூன்றை வெட்டி, ஒன்றை விட்டு, ஒழுங்கே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். ‘பாதுகாப்பு’ என்ற தலைப்பில் கைவைக்க மனசு வரவில்லை. முதல் பத்துக்குக் கை கூசியது. இருபதாவதில் பழகிவிட்டது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மூன்று மணிக்கு மேலாளர் வந்து வாலக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார்; உட்கார்ந்ததும் உயரத்தைச் சரிசெய்துகொண்டார். ஒரு க்ளிக். இன்னொரு க்ளிக். முதல் பக்கத் தலைப்பு கனத்து எழுந்தது. “பாத்தீங்களா” என்று சொல்லி அவர் கீழே உருட்டினார். மூன்றாம் பக்கம் மாறவில்லை. நான்காம் பக்கம் மாறியிருந்தது. ஐந்து, ஆறு, ஏழு அசையவே இல்லை. மறுபடியும் இரண்டு க்ளிக். பாதித் தலைப்புகள் கல்யாணத்துக்குக் கிளம்பியது போலவும் மீதிப் பாதிக்கு யாரும் தகவலே சொல்லாதது போலவும் கிடந்தது கையேடு.

மேலாளர் மச்சானைத் தொலைபேசியில் பிடித்தார். அறை முழுக்கக் கேட்டது மச்சானின் குரல்.

“கையால போட்டிருக்காங்க அத்தான். ஒவ்வொண்ணா தேடித்தான் மாத்தணும். வேற வழியில்லை.”

முன்பின் பார்க்காத அந்த மனிதர்மேல் வாலக்காவுக்குத் திடீரென்று சகோதரப் பாசம் பொங்கியது.

“யாரு பண்ணின வேலை இது? நம்ம என்ஜினியரா?” என்று மேலாளர் திரும்பினார்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் கதை சுபம். வாலக்காவின் நாக்கு நுனிவரை அது வந்ததும் உண்மை.

“அவர் இல்லை சார். அவரோடதை நான் போன வாரமே சரி பண்ணிட்டேன்.”

“அப்ப யாரு?”

“கையால பண்ணிருக்காங்க சார்” என்றார் வாலக்கா. மரியாதைப் பன்மையில் தன்னையும் சேர்த்துக்கொண்டார்.

மேலாளர் அவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இந்த ஆபீஸில் யாரைத்தான் சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்.

“எத்தனை நாள் ஆகும்?”

“மூணு நாள் சார்.”

“வெள்ளிக்கிழமைன்னு பிரஸ்ல சொல்லிடறேன்” என்று அவர் படியேறினார். இந்தத் தடவை ஒவ்வொரு படியாக, மெதுவாக.

காலடி ஓய்ந்ததும் வாலக்கா நாற்காலியைப் பழைய உயரத்துக்கு இறக்கினார். தலைப்பைப் பிடித்து இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கையால் செய்ததெல்லாம் உதிர்ந்து வால் திரும்ப வந்துவிடும். ஒவ்வொன்றாக வரவழைத்தார். மொத்தம் எட்டு நிமிஷம். பிறகு முதல் பக்கத்துக்குப் போய்ப் படிக்கத் தொடங்கினார்.

அவர் படிக்கிற விதமே தனி. உதடு அசையும். முற்றத்தில் ஒருவர் குனிந்து நிற்கிறார், மோட்டார் நின்றுபோயிற்று, வீட்டில் தண்ணீர் இல்லை, உள்ளேயிருந்து யாரோ என்னாச்சு என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர் கை இரண்டும் ஈரம் என்று வைத்துக்கொள்வார். அந்த ஆள் மாதிரியே ஒவ்வொரு வரியையும் படித்து, சொன்னபடியே காற்றில் செய்துபார்ப்பார். திருகு என்றால் திருகுவார். இழு என்றால் இழுப்பார். ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்கள், எழுத்துரு மாற்றுவது எவ்வளவு சிரமம் பார் என்று போய்விடுவார்கள்.

புதன்கிழமை பிற்பகல் எண்பத்தேழாம் பக்கம் வந்தது. மூன்றாவது வரி, மேல்மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டு வால்வு இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னது. வாலக்கா மூடியைக் கழற்றினார். கையை விட்டார். கையை எடுக்காமலே அடுத்த வரியைப் படித்தார். நான்காவது வரி, மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது.

காற்றில் நீட்டிய கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மடிக்கு வந்தது.

நான்காவது வரியைப் பிடித்து மூன்றாவதுக்கு மேலே தூக்கி வைத்தார். எண்கள் தாமாக இடம் மாறிக்கொண்டன. பிறகு கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, இரண்டு உள்ளங்கைகளையும், விரலிடுக்குகளையும் விடாமல், ஈரம் போகத் துடைத்துக்கொண்டார்.