கடிக்காத செருப்பு

ஒரு சாமான் வாங்கினால் அது உழைக்க வேண்டும். இதுதான் என் வேதம். சிங்கப்பூரில், பிடோக்கில் எங்கள் வீட்டுக் குக்கருக்குக் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மாற்றி இருபத்தாறு வருஷமாக அதிலேயே சோறு ஆக்குகிறேன். குடைக்கு மூன்று முறை கம்பி மாற்றியாயிற்று. தேக்கா கடைத்தெருவில் எவர்சில்வர் கடைக்குள் நான் நுழைந்தாலே, கடைக்காரர் "அக்கா வந்துட்டாங்க, அடியில இருக்கிற கனமானதை எடுடா" என்பார். அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

என் வீட்டுக்காரர் நேர் எதிர். காவலாளி வேலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற மனிதர், வேலையை விட்ட பிறகு ரப்பர் சிலிப்பர்தான். மூன்று மாதத்தில் வார் பிய்யும். ஊக்கைக் குத்திக்கொண்டு மறுபடி நடப்பார். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வேறு. மானம் போகிறதே என்று எனக்கு எரிச்சல்.

போன தீபாவளிக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனேன். தேக்காவில் கூட்டம் நெரித்தது. நாலு கடை ஏறி இறங்கி, அடித்தோலை வளைத்துப் பார்த்து, வாரை இழுத்துப் பார்த்து, கெட்டியான தோல் செருப்பு ஒன்றை நானே எடுத்தேன்.

"அஞ்சு வருஷம் உழைக்கும்க்கா. முதல்ல கொஞ்சம் கடிக்கும்லா, தேங்காய் எண்ணெய் தடவுங்க" என்றார் கடைக்காரர்.

தடவினேன். அவர் தினமும் அதைப் போட்டுக்கொண்டு நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்தார். சாயங்காலம் வந்ததும் கேட்பேன்.

"ஏங்க, கடிக்குதா?"

"இல்லையே, பூ மாதிரி இருக்கு."

அடேயப்பா, எனக்கு எவ்வளவு பெருமை! தங்கைக்குப் போன் போட்டு, "நல்ல சாமானா பாத்து வாங்கினா கடிக்காதுடி" என்று அளந்தேன். புதுச் செருப்பு கடிக்காமல் இருக்குமா? ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

ஒன்பதாம் நாள் தரையைத் துடைக்கும்போது பழுப்பாய் ஒரு கறை. இரண்டடி தள்ளி இன்னொன்று. அவருடைய வலது காலைப் பிடித்துத் திருப்பினேன். பெருவிரல் பக்கத்தில், வார் படும் இடத்தில், சதை பிளந்து கிடந்தது.

"என்னங்க இது!"

குனிந்து பார்த்தார், யாருடைய காலையோ பார்ப்பதுபோல. "அட, இது எப்ப ஆச்சு?"

ஆஸ்பத்திரியில் தமிழ் நர்ஸ் ஒருத்தி பொறுமையாகச் சொன்னாள். "ஆன்ட்டி, சர்க்கரையால அங்கிளுக்குக் கால்ல உணர்ச்சியே போயிடுச்சு. செருப்பு கடிச்சாலும் தெரியாது. செக்கப்புக்கு லெட்டர் வரலையா?" வந்தது. கால்தான் நன்றாக இருக்கிறதே என்று பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக வைத்தவளும் நான்தான்.

முதலில் விரலை எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பட்ட காலிலேயே படும் என்பார்கள். இவருக்குப் பட்டதே தெரியவில்லையே, பாவி நான் என்ன செய்வேன்? அவராவது என்னைத் திட்டியிருக்கலாம். "விடும்மா, விதி" என்கிறார். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செருப்பு இன்னும் வாசல் அடுக்கில் இருக்கிறது. அடித்தோல் தேயவில்லை, ஒரு தையல் விடவில்லை. குப்பையில் போட இரண்டு முறை எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.

செயற்கைக் கால் பொருத்தப் போன அன்று, அதைக் கையில் வாங்கி, தட்டிப் பார்த்து, "தம்பி, இது எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம். வாய் தானாகக் கேட்டது.

"மூணு, நாலு வருஷம் வரும் ஆன்ட்டி. அப்புறம் மாத்திக்கலாம்."

"அவ்வளவு போதும்பா, எனக்கு" என்று இவர் சிரித்தார். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

இப்போது தினமும் காலையில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, இடது காலைத் தூக்கிக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற சப்பாத்து மட்டும்தான் போடுகிறார். இன்று காலை, சுண்டுவிரலுக்கு அடியில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஏதோ தெரிந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன்.

"ஏங்க, வலிக்குதா?"

வலிக்குது என்று சொல்லிவிடுங்கள், கடவுளே, ஒரு தடவையாவது கத்துங்கள் என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "இல்லையே" என்றார்.