புதுப் போன் அனுப்பிய செய்தி

என் மனைவி விபத்தில் சிக்கிவிட்டாள் என்று அவளுடைய புதுப் போன் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். சிங்கப்பூரில் வேலை முடித்து, மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டி, எங்கள் வீடு இருக்கும் தம்போய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். "பலத்த விபத்து" என்று போன் தானாகவே எனக்குச் செய்தி அனுப்பியிருந்தது. வரைபடத்தில் அவளைக் காட்டும் புள்ளி, கடல் பாலத்தின் நடுவில் அசையாமல் நின்றது. எத்தனை முறை அழைத்தும் பதில் இல்லை. ஊரையே கேலி செய்யும் என் வாய் உலர்ந்துபோனது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கைலியோடு வாசலுக்கு ஓடினேன். அவசரத்தில் மோட்டார் சாவியைப் போடவே முடியவில்லை.

அப்போது அவளே வந்து இறங்கினாள்.

"கைலியோட எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"நீ பாலத்துல விழுந்துட்டியே!"

"ஐயோ, அலமாக்! போன்தாங்க விழுந்துச்சு. பின்னால அத்தனை மோட்டார் வருது, எப்படி நிறுத்துறது?"

அழுகையை மறைக்க ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டேன். மோட்டாரில் மாட்டியிருந்த போன் கழன்று பாலத்தில் விழுந்து, அந்த அடியையே விபத்து என்று நினைத்து எனக்குச் செய்தி அனுப்பியிருந்தது. அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.