எட்டு ஜிபிக்கு ஒரு சந்தனப் பொட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைவிட மோசம், காத்திருக்கத் தெரியாது. பஸ் வரவில்லை என்று அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கி, நடுவழியில் அதே பஸ் என்னைக் கடந்து போவதைப் பார்த்துத் திட்டுகிற ரகம் நான். இந்த லட்சணத்தில் எனக்கு வாய்த்த கம்ப்யூட்டரோ, காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு உலை வைத்து, அரிசி களைந்து போட்டுவிட்டு வந்தாலும் இன்னும் கண் விழித்திருக்காது.

கோவில்பட்டியில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து டிசைன் செய்துகொடுப்பது என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, சடங்கு வீட்டு பேனர், கடலைமிட்டாய் பாக்கெட்டின் உறை என்று வருவதைச் செய்வேன். கல்யாணமான புதிதில் வாங்கிய அந்தக் கம்ப்யூட்டர் இதற்கெல்லாம் முக்கி முனகிக்கொண்டாவது ஈடுகொடுத்துவந்தது. போன வருஷம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். இங்கே தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வடக்கே அனுப்பப்போகிற புதுச் சரக்குக்கு லேபிள் வேண்டும், மக்காச்சோளக் கதிர் படம் வேண்டும் என்றார்.

"வெள்ளிக்கெழம நாலு மணிக்குள்ள சிவகாசி பிரஸ்ஸுக்குப் போயிரணும். சரியா முடிச்சுக் குடுத்தீங்கன்னா இந்த வருச லேபிள் பூரா உங்களுக்குத்தான். பிந்திச்சுன்னா பிரஸ்காரங்களே போட்டுக்கிடுவாங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் போகும் நூல் மில்லில் அப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. இந்த லேபிள் கைக்கு வந்தால் வீடு நிமிரும். வராவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கதிரை ஒவ்வொரு மணியாக வரையத் தொடங்கினேன். நாலாவது வரிசை மணி வைத்ததும் திரை அப்படியே உறைந்துபோனது. அணைத்துப் போட்டால் மறுபடி அதே நாலாவது வரிசை. புதன்கிழமை முழுக்க நாற்காலிக்கும் வாசலுக்கும் நடந்தே பொழுது போனது. மானிட்டரின் தலையில் ஒரு தட்டும் தட்டினேன்.

வியாழக்கிழமை பகலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். பழைய சாமான்களைப் பார்த்துச் சரிசெய்து விற்கிற கடை. கடைக்கார அண்ணாச்சி நான் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"புதுசு வாங்குங்கன்னு சொன்னா உங்களுக்குக் கோவம் வரும், சொல்லல. ரெண்டு ஜிபி ரேம வச்சிக்கிட்டு இந்த வேலையப் பாக்கதே பெருசு, தங்கச்சி. ஹார்டு டிஸ்கையும் மாத்தினா பறக்கும். கை கடிக்குதுன்னா இப்பைக்கு ரேம மட்டும் கூட்டுங்க."

கை கடிக்கத்தான் செய்தது. மேசை டிராயரைத் திறந்து, பழைய மிஷினில் கழற்றிய எட்டு ஜிபி ரேம் ஒன்றை எடுத்து, என் கண்முன்னாலேயே வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டிக் காட்டினார். "பெட்டியக் கொண்டாங்க, நானே போட்டுத் தாரேன்" என்றார். பெட்டியைக் கொண்டுவர ஒரு ஆட்டோ, திரும்ப ஒரு ஆட்டோ, நடுவில் இவர் கை ஒழிய ஒரு மணி நேரம். ஒரு பட்டையைப் பிடுங்கி இன்னொரு பட்டையைச் செருகத் தெரியாதா எனக்கு என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீடு வந்து சேர்ந்தபோது ஒன்றரை மணி. வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகுகாலம். புதுச் சாமானை ராகுகாலத்தில் தொட எனக்கு மனசு வராது. அந்த ஒன்றரை மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். கடிகாரத்துக்கு பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று கழற்றிப் பார்த்தேன். மூன்று அடித்ததும் குளியலறைக்குப் போய் முகம் கழுவி, விளக்கேற்றி, சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்துவந்தேன்.

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் பொட்டு வைக்காமல் புழங்கமாட்டோம். குக்கர், மிக்ஸி, மில்லுக்குப் போகிற சைக்கிள், எல்லாவற்றுக்கும் நெற்றி ஒன்று உண்டு. ரேமுக்கு நெற்றி எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள். ஒரு சில்லின் மேல் கடைக்காரரின் ஸ்டிக்கர். கீழ்விளிம்பில் மட்டும் வரிசையாகத் தங்க நிறத்தில் பற்கள் மாதிரி மின்னின. லட்சுமிகரமாக இருந்தது. அங்கே மூன்று இடத்தில் சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்து, காயக்கூட விடாமல் பழையதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் அழுத்திச் செருகினேன்.

பொத்தானை அமுக்கினேன். கீ என்று ஒரு நீள ஓசை. விட்டு விட்டு அதே ஓசை. திரையில் ஒன்றும் இல்லை. கழற்றி மாட்டினேன். கீ. சரி போகட்டும் என்று பழைய ரேமையே எடுத்துத் திரும்பச் செருகினேன். அதற்கும் கீ. இருந்ததும் போச்சு.

சந்தனத்தைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. சாமிக்கு வைக்கிறது சாமானைக் கெடுக்குமா என்ன? எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: பழைய சாமானைத் தலையில் கட்டிவிட்டான் பாவி. இரவெல்லாம் புரண்டு புரண்டு, கடையில் போய்க் கேட்க வேண்டியதை வரிசையாக மனப்பாடம் செய்தேன். வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்கு கரண்டு போனால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வரும். நாலு மணிக்கு லேபிள் போயாக வேண்டும். பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு, அண்ணாச்சி கடைக் கதவைத் தூக்கும்போதே போய் நின்றேன்.

கதவு ஏறிய கையோடு எனக்கு முன்னால் ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டார். பசுவந்தனைப் பக்கத்துச் சம்சாரி; விவசாயியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காலேஜ் போகிற மகளுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று பார்க்க வந்தவர். அவர் இருப்பதையே நான் பொருட்படுத்தவில்லை.

"நல்ல சாமான்னு சொல்லித்தான தந்தீங்க அண்ணாச்சி? இருந்த ரேமையும் சேத்துல்லா கெடுத்துட்டு. எங்க வயித்துல அடிச்சு என்னத்தக் கட்டிக்கிட்டுப் போகப் போறீங்க? இப்பிடித்தான் ஊரை ஏமாத்துதீங்களா?"

மனப்பாடம் செய்ததற்கு மேலேயும் வந்தது. வாய்க்குப் பூட்டு ஏது? அந்தச் சம்சாரி என்னைப் பார்த்தார், அலமாரியில் இருந்த பழைய கம்ப்யூட்டர்களைப் பார்த்தார், "பெறகு வாரேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியேறினார். அண்ணாச்சி அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

பெட்டியில் இருந்த பழைய ரேமைக் கழற்றி வைத்துவிட்டு, நான் நீட்டிய எட்டு ஜிபியை வெளிச்சத்தில் பிடித்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சந்தனம் யாரு வச்சா?"

"நான்தான். ஏன்?"

"இந்தப் பல்லு வழியாத்தான் எல்லாம் போய் வரணும், தங்கச்சி. பெட்டியில இதச் செருகுத பள்ளத்துக்குள்ளயும் அப்பி இருக்கு. அதனாலதான் பழசும் பேசல."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவரோ பிள்ளைகளின் பென்சில் ரப்பர் ஒன்றை எடுத்து அந்தப் பற்களை வரிசையாகத் தேய்த்தார். பள்ளத்தை ஒரு சின்ன பிரஷ்ஷால், ஏதோ ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தார். ஆற அமரச் செய்தார். அவர் அவசரப்படாதது என்னைக் கொன்றது. கடைசியில் செருகிப் பொத்தானை அமுக்கினார். சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான், திரை வந்துவிட்டது. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

பெட்டியைத் தூக்கப் போனேன். கோபத்தில் மறந்தே போயிருந்தேன், அப்போதுதான் எனக்கு உறைத்தது, வீட்டில் கரண்டு இல்லை.

"ஒங்க தெருவில இன்னைக்குக் கரண்டு கெடையாதுல்லா. இங்க இருக்கு, போனாலும் இன்வெர்ட்டர் இருக்கு, இங்கன உக்காந்து முடிங்க" என்றார். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நான் நின்று கத்திய அதே இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டார்.

உட்கார்ந்தேன். நாலாவது வரிசை தாண்டியது, பத்தாவது தாண்டியது, கதிர் தடையில்லாமல் விளைந்தது. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் கூசிக்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று திரும்புவேன். அவர் ஏதாவது ஒரு போர்டில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருப்பார். திரும்பிக்கொள்வேன். டீ வந்தது, எனக்கும் ஒன்று வைத்தார். அது ஆடை படியும்வரை மேசையிலேயே இருந்தது.

மூன்றேகால் மணிக்கு அந்தச் சம்சாரி திரும்பி வந்தார். என்னை அங்கே பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம். அண்ணாச்சியிடம் போகாமல் நேரே என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"வேற ரெண்டு கடையில கேட்டேன்மா, நமக்குக் கட்டாது. காலைல நீங்க போட்ட சத்தத்துலதான் பயந்து போயிட்டேன். நெசத்தச் சொல்லுங்க, இவிய சாமான நம்பி வாங்கலாமா?"

அண்ணாச்சி தலை நிமிரவில்லை. ஆனால் பற்றவைக்கிற கை நின்றுவிட்டது. கதிருக்கு இன்னும் தோகை போடவில்லை, நாலு மணிக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. நம்பலாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்ளலாம். அது போதாது என்று எனக்கே தெரிந்தது. நாற்காலியைத் திருப்பினேன்.

"காலைல நான் பேசினது அம்புட்டும் தப்பு. சாமான் நல்ல சாமான். நான்தான் அதுக்குச் சந்தனம் வச்சுக் கெடுத்தேன். கெடுத்துட்டு வந்து இவியளக் கள்ளன்னு சொன்னேன். ஒரு சொல்லு திருப்பிச் சொல்லாம எனக்குச் சரிபண்ணித் தந்து, உக்கார எடமும் தந்திருக்காங்க."

சம்சாரி என் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"சந்தனமா? எம் பொண்டாட்டியும் அதத்தான் செய்வா. சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். அலமாரிப் பக்கம் போய், காலையில் பார்த்த அதே கம்ப்யூட்டரைக் காட்டினார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் லேபிளை சிவகாசி பிரஸ்ஸுக்கு மெயிலில் அனுப்பினேன். நாலரைக்கு முதலாளி போன் செய்து, அடுத்த வாரம் வந்து மற்ற லேபிள் வேலைகளையும் வாங்கிக்கொண்டு போகச் சொன்னார். போனை வைத்ததும் முதலில் அண்ணாச்சியிடம்தான் சொன்னேன். சம்சாரியின் கம்ப்யூட்டரைத் துடைத்து முடித்திருந்தார் அவர். சாமி படத்துக்குக் கீழே இருந்த கிண்ணத்தை எடுத்து, அந்தப் பெட்டியின் மேல் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார். கிண்ணத்தோடு என் பக்கம் வந்தார். மூடியைத் திருகி முடித்திருந்த என் பழைய பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார்.

"இங்கன வைக்கணும், தங்கச்சி" என்றார்.