கிட்டார்க்காரனின் இடக்கை

மகளின் பள்ளிக்கூட ஓவியப் பாடத்துக்குப் பழைய காலத்து உடைகளை வரைய வேண்டியிருந்தது. இல்ஃபோர்டில் ரயிலேறி, முன்கூட்டியே நேரம் வாங்கியிருந்த ஒரு மியூசியத்துக்குப் போனோம். அவள் என்னை வரச் சொல்லவில்லை, நானாக ஒட்டிக்கொண்டு போனேன். எட்டு மாதமாக எங்களுக்குள் சரியான பேச்சில்லை.

காரணம் ஒரு வயலின். அவளுக்கு இடக்கைப் பழக்கம், வில்லை அந்தக் கையில் பிடித்தால்தான் வாசிப்பு வரும். "மேடையிலை எல்லாரின்ரை வில்லும் ஒரு பக்கம் போக, இவவின்ரை மட்டும் மற்றப் பக்கம் போனால் வடிவாயிராது" என்றார் வயலின் டீச்சர். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் சாமி போட்டேன். மகள் வயலினைப் பெட்டிக்குள் வைத்து அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

என் இடக்கையையும் சின்ன வயதில் அடித்துத்தான் திருத்தினார்கள். நான் என்ன கெட்டா போனேன் என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையை மட்டும் அவளிடம் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

மியூசியத்தின் மேல்மாடி அறையில் கை கழுவச் சொன்னார்கள். பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி. அங்கே பொறுப்பாக இருந்த பெண் ஒரு தட்டையான பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே, முந்நூறு வருடத்துக்கு முந்திய பிரெஞ்சு நாடகக்காரர்களும் பாட்டுக்காரர்களும். எல்லாம் செப்புத் தகட்டில் கீறித் தாளில் அச்செடுத்த படங்கள். கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்த பட்டைகள், நாடாப் பூ வைத்த சப்பாத்துகள், பட்டுத்துணியின் மடிப்புகள், அத்தனையும் வெறும் மயிர்க்கோடுகள். யன்னல் வெளிச்சம் மெல்ல நகர்ந்தபோது, படத்தில் மரத்தடியில் நின்றவர்கள் மூச்சு விடுவது போலிருந்தது. யாரோ பாடத் தொடங்கப் போகிறார்கள் என்று நானும் காத்திருந்தேன். அடுப்பை அணைத்தேனா என்ற வழக்கமான யோசனைகூட வரவில்லை.

"அம்மா! இவர் லெஃப்ட் ஹேண்ட்!"

ஒரு கிட்டார்க்காரன். இடக்கையால் தந்தியை மீட்டிக்கொண்டு எங்கோ பார்த்து நின்றான். மகள் சிரித்தபடி அவனை வரையத் தொடங்கினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன்.

அது கேட்டுப் பொறுப்பாளர் பக்கத்தில் வந்தார். தகட்டில் கீறுவது தாளில் இடம் வலம் மாறித்தான் விழும் என்றும், அவன் உண்மையில் வலக்கைக்காரனாகத்தான் இருந்திருப்பான் என்றும் அன்பாகத்தான் விளக்கினார்.

"ஓ" என்றாள் மகள். பென்சிலை மேசையில் வைத்துவிட்டாள். அவள் தாளில் கிட்டார்க்காரனின் கை பாதியில் நின்றது.

வயலின் விஷயத்தில் டீச்சரும் நானும் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவேயில்லை.

பென்சிலை எடுத்தேன், இடக்கையால். நாற்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கை ஒரு பென்சிலைத் தொட்டதில்லை. அவள் விட்ட இடத்திலிருந்து அவனுடைய விரல்களைக் கீறினேன். கோடு நடுங்கியது, ஆனாலும் நிற்காமல் போனது.

மகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்களுமா?"

"ஓம் பிள்ளை. அடிச்சு மாத்திப்போட்டினம். நானும் உனக்கு அதைத்தான் செய்தனான். வீட்டை போய்ப் பெட்டியை இறக்குவம். டீச்சரோடை நான் கதைக்கிறன்."

அவள் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"முதல்லை அவரின்ரை கையை முடியுங்கோ" என்றாள்.