பேச்சியம்மாளின் கடைசித் தீக்குச்சி

ஜொகூரில், செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பேச்சியம்மாள் பால் வெட்டத் தொடங்கிப் பத்தொன்பது வருஷம். அத்தனை வருஷத்தில் அவள் தீக்குச்சி உரசியதைக் கண்ணால் கண்டவர் யாரும் கிடையாது.

அவளைக் கஞ்சம் என்று சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர முடியாது. "வீணாக்காம இருக்கிறது கஞ்சமா? உனக்குக் கண்ணு ரெண்டு இருக்குன்னு ரெண்டையும் எந்நேரமும் திறந்தா வச்சிருக்கே?" என்று பிடித்துக்கொள்வாள். ஒரு ஜோடி செருப்பு வைத்திருந்தாள். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பாள். கோயில் வாசலில், எல்லோரும் செருப்பைக் கழற்றும் இடத்தில், இவள் கீழே வைப்பாள். திரும்பும்போது மறுபடியும் கையில் எடுத்துக்கொள்வாள். அந்தச் செருப்பு பதினோரு வருஷமாகப் புதுசாகவே இருந்ததில் என்ன ஆச்சரியம்? மழை பெய்தால் கிணற்றுக் கயிறு தேயக்கூடாது என்று கூரைத் தண்ணீரில் குளிப்பாள். தேயிலைத் தூளை மூன்று தடவை காயவைத்து நான்காவது தடவையும் போடுவாள். நான்காவது தடவை வருவது தேநீர் இல்லை, வெந்நீர் என்று மகள் சந்திரமதி சொன்னால், "சூடு இருக்கில்ல, குடி" என்பாள்.

நெருப்பு விஷயம் தனிக் கதை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. காலையில் எழுந்ததும் பேச்சியம்மாள் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் காளியம்மாவிடம் போய், "கொஞ்சம் கங்கு குடுடி" என்று வாங்கி வந்து அடுப்பு மூட்டுவாள். விளக்குக்கும் அதே கங்குதான். ரப்பர் விலை விழுந்து பாதிப் பேருக்கு வேலை போன வருஷம் வந்ததும், அதுவரை அவளைப் பார்த்துச் சிரித்த லயம் முழுவதும் அவள் வழிக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு கொட்டாங்கச்சி. ஆண்கள்கூடச் சுருட்டை அடுப்புக் கொள்ளியில்தான் பற்றவைத்தார்கள். பேச்சியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அவளிடம் தீக்குச்சியே இல்லை என்று யாராவது நினைத்தால் அது தப்பு. ஒரே ஒரு குச்சி இருந்தது. புருஷன் காய்ச்சலில் செத்த வருஷம் வாங்கிய பெட்டியில் மிஞ்சிய கடைசிக் குச்சி அது. அதைக் காகிதத்தில் சுற்றி, பெட்டியின் உரசும் பட்டையையும் கிழித்து உடன் வைத்து, ஒரு தைல டப்பாவில் மூடி வைத்திருந்தாள். எதற்கு என்று சந்திரமதி ஒருநாள் கேட்டதற்கு அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "என் கொள்ளிச்சட்டிக்கு. உசுரோட இருக்கிறப்ப ஊரெல்லாம் நெருப்பு கேட்டாச்சு. சாகிற அன்னைக்காவது நான் யார் வீட்டு வாசல்லயும் நிக்கக்கூடாது. உங்கிட்ட விட்டா நீ மூணு குச்சிய வீணாக்கிருவே."

இப்படிப்பட்டவள் வீட்டில் பெண் எடுக்க யார் வருவார்கள்? ஒரு இடம் வந்தது. வந்த நாலு பேருக்கு ஒரு வாழை இலையை நாலாகக் கிழித்துப் பலகாரம் வைத்தாள். அவர்கள் பலகாரத்தை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள். பதில் வரவேயில்லை. அன்று சந்திரமதி அழவில்லை, சண்டையும் போடவில்லை. மூலையில் உட்கார்ந்து அந்தக் கால் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாளுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது.

அடுத்த இடத்தைக் காளியம்மாதான் கொண்டுவந்தாள். காஹாங் தோட்டத்து அங்கம்மா, அவள் மகன் மணியம். "அந்த அம்மா கைதாராளம். உன் வேலையெல்லாம் காட்டினே, இந்த இடமும் போச்சு. ஆளுக்கு ஒரு டம்ளர் நிறையக் காப்பி குடு, சீனி போட்டு. கேட்டியா?" என்றாள்.

பேச்சியம்மாள் கேட்டாள். புதுக் காப்பித்தூள் வாங்கினாள், சீனி வாங்கினாள், டின் பாலும் வாங்கினாள். கடைக்காரர் அவளை இரண்டு தடவை உற்றுப் பார்த்தார்.

அது கார்த்திகை அடைமழைக் காலம். ஐந்து நாளாகப் பால் வெட்டில்லை. லயம் தாமதமாக எழுந்து, பழையதைக் குடித்துவிட்டுச் சுருண்டு கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளன்று காளியம்மாவின் புருஷன் அவர்களை அழைத்து வர மூன்று மைல் நடந்து ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். பேச்சியம்மாள் வீட்டை மெழுகி, மகளுக்குத் தலை வாரி, எல்லாம் முடித்தாள். விறகு எரிந்து வீணாகக்கூடாதே என்று அடுப்பைக் கடைசிக்கு வைத்திருந்தாள். ரயில் ஊதும் சத்தம் கேட்டதும் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு காளியம்மாவிடம் போனாள்.

காளியம்மா கையில் கொட்டாங்கச்சியோடு எதிரே வந்தாள்.

"உங்கிட்டதாண்டி வர்றேன், கங்கு இருக்கா?"

"எங்கிட்டயா? விருந்தாளி வர்ற வீடு, அடுப்பு எரியும்னு நான் உங்கிட்ட வாங்க வர்றேன்!"

இருவரும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அங்கேயும் ஒருத்தி கொட்டாங்கச்சியோடு நின்றாள். நாலாவது வீடு, ஐந்தாவது வீடு, எங்கே போனாலும் கொட்டாங்கச்சிதான் எதிரே வந்தது. பதினோரு பெண்கள் பதினோரு கொட்டாங்கச்சியோடு லயத்தின் கடைசி வீட்டு வாசலில் போய் நின்றபோது அந்தக் கதவில் பூட்டு தொங்கியது.

அது கருப்பாயி வீடு. ஆட்டுக்குட்டிகளுக்குக் குளிருமே என்று கருப்பாயி அடுப்பை அணைப்பதே இல்லை. அவளிடம் பதினோராம் வீடு வாங்கும், பதினோராம் வீட்டிடம் பத்தாம் வீடு வாங்கும், அப்படியே வரிசையாக வந்து பேச்சியம்மாள் வரைக்கும் சேரும். இந்த நெருப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. கருப்பாயி முந்தின நாள் சாயங்காலம் ஆடுகளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாருவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போய்விட்டாள்.

"அலமாக்!" என்று மலாய்க்காரிபோல் அலறி, காளியம்மா தலையில் கை வைத்தாள். "யார் வீட்லயும் ஒரு தீப்பெட்டி இல்லையா?"

எட்டாம் வீட்டில் ஒன்று இருந்தது. ஒழுகின கூரைக்கு நேர் கீழே இருந்தது. குச்சிகள் மருந்து கரைந்து வெறும் ஈர்க்காக இருந்தன. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டுக்கு ஓடிப் பார்த்தார்கள். ஐந்து நாள் பால் இல்லாததால் அதுவும் சில்லிட்டுக் கிடந்தது. செடெனாக் கடைக்கு ஓடித் திரும்ப நேரமில்லை. பேச்சியம்மாள் வீட்டுக்குள் வந்தாள். சந்திரமதி காப்பித்தூளையும் அணைந்த அடுப்பையும் பார்த்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். அதே மூலை.

பேச்சியம்மாள் அந்த மூலையைப் பார்த்தாள். பிறகு கூரைச் செருகலில் கையை விட்டுத் தைல டப்பாவை எடுத்தாள்.

"அம்மா, அது உன்..."

"வாய மூடு. செத்தா எரியாமலா போயிருவேன்?"

லயமே கூடிவிட்டது. ஒருத்தி உலர்ந்த தேங்காய் நார் கொண்டுவந்தாள். ஒருத்தி மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை மடியிலிருந்து எடுத்தாள். தோட்டத்துச் சொத்து அவள் மடிக்கு எப்படி வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. காற்று படாமல் மற்றப் பத்துப் பேரும் வட்டமாகக் குந்தி, முந்தானையைத் தலைக்குமேல் விரித்துப் பிடித்தார்கள். உள்ளே பேச்சியம்மாள் குச்சியைப் பட்டையில் வைத்தாள்.

"மூச்சு விடாதீங்கடி!"

மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றது அந்த நேரத்தில்தான். வாசலில் முக்காடு போட்ட பெண்கள் வட்டமாகக் குந்தியிருந்தார்கள், ஒரு சத்தமும் இல்லை. அங்கம்மாவுக்கு நெஞ்சு பதறிவிட்டது.

"ஐயோ, யாருக்கு என்னம்மா ஆச்சு? பெருசு யாராவது போயிட்டாங்களா?"

"இன்னும் போகல! இருங்க!" என்று முந்தானைக்குள்ளிருந்து பேச்சியம்மாளின் குரல் வந்தது.

சர்ரென்று ஒரு சத்தம். ஒரே உரசல்தான். நார் புகைந்தது, ஒட்டுப்பால் பிடித்துக்கொண்டது, நாற்றம் மூக்கைத் துளைத்தது. பதினோரு பேரும் கோயிலில் தீபாராதனை பார்த்ததுபோல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஆளுக்கு ஒரு டம்ளர் நிறையக் காப்பி வந்தது. சீனி தூக்கலாகவே இருந்தது. காளியம்மாவுக்கு வாயில் எதுவும் நிற்காது. குச்சியின் கதையை, கொள்ளிச்சட்டி வரைக்கும், ஒன்று விடாமல் அங்கம்மாவிடம் கொட்டிவிட்டாள். பேச்சியம்மாள் கதவோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். இந்த இடமும் போச்சு என்றே நினைத்தாள்.

அங்கம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "மதினி, தன் சாவுக்கு வச்சதை எடுத்துல்ல மகளுக்குக் காப்பி போட்டிருக்கீங்க. இதுக்கு மேல என்ன சீர் வேணும்? பூ வச்சுட்டே போறோம்" என்றாள். சந்திரமதி அப்போதுதான் அழுதாள்.

மணியம் வந்ததிலிருந்து சட்டைப்பையை அழுத்திப் பிடித்தபடி நெளிந்துகொண்டிருந்தான். கிளம்பும்போது பின்பக்கமாக வந்து பேச்சியம்மாள் கையில் எதையோ திணித்தான். பார்த்தால் தீப்பெட்டி. நிறையக் குச்சி.

"அத்தை, நான் சுருட்டு குடிக்கிறது அம்மாவுக்குத் தெரியாது. அதான் அப்ப எடுக்க முடியல. கோவிச்சுக்காதீங்க."

பேச்சியம்மாள் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தாள். "பாவி மாப்ளே! என் குச்சி மிச்சமாயிருக்குமே!" என்று அடிக்குரலில் வைதாள். பிறகு பெட்டியைத் திறந்து ஒரே ஒரு குச்சியை எடுத்துக்கொண்டாள். பெட்டியின் ஒரு பக்கத்துப் பட்டையையும் கிழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் கருப்பாயி ஊர் திரும்பியதும் பழையபடி கொட்டாங்கச்சி எடுத்தாள்.

ஏழு வருஷம் கழித்து, மாசி மாதத்தில், பேச்சியம்மாள் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். பையன் இல்லாத வீடு. மருமகன்தான் கொள்ளிச்சட்டி தூக்க வேண்டும். மணியம் தைல டப்பாவைத் திறந்தான். காகிதத்தில் பாதிக் குச்சிதான் இருந்தது. பால் வெட்டும் கத்தியால் மருந்துத் தலையோடு நீளவாக்கில் பிளந்த பாதி.

"மீதிப் பாதி எங்கே?" என்றான்.

சந்திரமதிக்குத் தெரியும். காஹாங்கில் பேத்தி பிறந்த அன்று அம்மா வந்திறங்கி, "என் பேத்தி குளிக்கிற முதல் தண்ணிக்கு இரவல் நெருப்பு வேணாம்" என்று சொல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாதிக் குச்சியை எடுத்தது அவள் கண்ணெதிரே நடந்தது.

மணியம் பையில் முழுத் தீப்பெட்டி இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. சுற்றி நின்றவர்கள் தாங்களாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பாதிக் குச்சி ஒரே உரசலில் பற்றியது.