ஃபிலிமை யார் சுற்றுவது?

தணிகாசலத்தை நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவன் இறந்துபோன செய்தி வந்தது. பகல் இரண்டு மணி. என் ஷிப்ட் முடிந்து கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். அவன் ஷிப்ட் அப்போதுதான் தொடங்கும். உள்ளே போவதற்கு முன்னால் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அன்று என் முறை. அம்பத்தூர் எஸ்டேட் வெயிலில் நின்று நின்று தலை காய்ந்துவிட்டது. போன் செய்தால் எடுக்கவில்லை. "தணிகாசலம் தொரைக்குக் கேமராவைக் குடுக்க மனசு வரல, லீவு போட்டுட்டு ஊட்லயே குந்திகினு கீறான்" என்று செக்யூரிட்டியிடம் சொல்லிக்கூட வைத்தேன். அப்போதுதான் அவன் மைத்துனன் அழைத்தான். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். போனை வைத்த பிறகும் என் கோபம் உடனே போகவில்லை. இன்னும் முழுதாகப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நம் கம்பெனியில் அவனோடு வேலை செய்த உங்களுக்கெல்லாம் அவன், தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப் தணிகா. கேன்டீனில் சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று முறை வாங்கிச் சாப்பிடுகிறவன். எனக்கு அவன் பாதிக் கேமராவின் சொந்தக்காரன். மீதிப் பாதி நான். ஐம்பதை நெருங்கும் இரண்டு பேர் இந்தக் கிறுக்கில் எப்படி விழுந்தோம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் பிரியாணி சாப்பிடப் போனோம். கடைக்கு எதிரே ஒரு பாய், மூடிய ஸ்டுடியோவின் சாமான்களை நடைபாதையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். அதில் ஒரு பழைய மீடியம் ஃபார்மட் கேமரா. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்தது. மேல்மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து உள்ளே பார்க்கவேண்டும். தணிகா பார்த்தான். தெருவே அந்தச் சதுரக் கண்ணாடியில் இடம் வலம் மாறிப் போய்க்கொண்டிருந்தது. "மச்சான், பஸ்ஸு ரிவர்ஸ்ல போவுது பாரு" என்றான். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டான். கூட நின்ற பாவத்துக்கு நானும் விழுந்தேன்.

வாங்கிவிட்டோம். படம் எடுக்க முடியவில்லை. இந்த வகைக் கேமராவுக்கு ஃபிலிம் டப்பாவில் வராது. கறுப்புத் தாளோடு சேர்த்து ஒரு உருளையில் சுற்றி வரும். அதன் நுனியை இன்னொரு காலி உருளையில் செருகி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சுற்றிக்கொண்டே போகவேண்டும். அந்தக் காலி உருளை எங்கள் கேமராவில் இல்லை. காலி உருளை வேண்டுமென்றால் ஏற்கெனவே ஒரு ஃபிலிமை எடுத்து முடித்திருக்க வேண்டும். ஃபிலிமை எடுக்கவேண்டுமென்றால் காலி உருளை வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். பாயிடம் திரும்பிப் போனோம். அவர் யோசித்துவிட்டு, "அதுவா? பசங்க அதுல காத்தாடி நூலு சுத்தி வெச்சிருக்காங்க" என்றார். அவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து, சிக்கல் விழுந்த நூலை ஒரு மாலை முழுக்கப் பிரித்தோம். ஒரு சிக்குக்கு நான் பிளேடு கேட்டேன். தணிகா விடவில்லை. "அறுக்காத. இது பசங்க நூலு. அப்படியே திருப்பிக் குடுக்கணும்" என்றான். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

அடுத்து ஆயுத பூஜை. நம் கம்பெனியில் எல்லோரும் குளித்து, புதுச்சட்டை போட்டு, மனிதர்களாகத் தெரிகிற ஒரே நாள். அன்று பிரஸ் ஷாப் முழுவதையும் ஒரே படத்தில் எடுத்துவிடவேண்டும் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்று காலை நான் போய்ப் பார்த்தால் கேமரா அவன் கையில் இல்லை. பூஜையில் இருக்கிறது. ஸ்பானருக்கும் வெர்னியருக்கும் நடுவில், இரண்டு லென்ஸிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம், தலையில் ஒரு முழம் மல்லி. கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. "சரி, தொடச்சிட்டு எடு" என்றேன். "பூஜைல வெச்சதை இன்னிக்குத் தொடக்கூடாது மச்சான். நாளைக்கு எடுக்கலாம்" என்றான். நாளைக்கு யார் புதுச்சட்டையில் வருவார்கள்? மறுநாள் அதே எண்ணெய் யூனிஃபார்மில் உங்களை எல்லாம் நிறுத்தி எடுத்தான். குனிந்து பார்த்துக்கொண்டு இடப்பக்கம் போ என்றான், வலப்பக்கம் போ என்றான். கண்ணாடியில் எல்லாம் மாறித் தெரியும் என்பதை மறந்துவிட்டான். நீங்கள் அவன் சொன்னபடியே நகர்ந்தீர்கள். படத்தில் பாதிப்பேர் இல்லை. லென்ஸில் ஒட்டியிருந்த சந்தனத்தால் மீதிப் பாதிப்பேர் பனியில் நிற்கிறார்கள்.

ஆனால் எங்கள் பெரிய சண்டை இதெல்லாம் இல்லை. ஃபிலிமை யார் சுற்றுவது என்பதுதான்.

இந்தக் கேமராவில் ஒரு படம் எடுத்ததும் குமிழைத் திருகி ஃபிலிமை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தவேண்டும். தானாக நகராது. முதுகில் ஒரு சின்ன சிவப்பு ஜன்னல் உண்டு. அதில் எண் தெரியும். ஆறு என்று தெரிந்தால் ஆறாவது கட்டம் நிற்கிறது என்று அர்த்தம். அந்த ஆறில் படம் எடுத்தாகிவிட்டதா, இனிமேல்தான் எடுக்கவேண்டுமா என்பதை அது சொல்லாது. கடைசியாகக் கையில் வைத்திருந்தவனுக்குத்தான் தெரியும். ஒரே ஆள் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. எங்கள் கேமரா ஷிப்ட் மாறும்போதெல்லாம் கேட்டில் கைமாறிக்கொண்டிருந்தது.

எடுத்தவன்தான் சுற்றி வைக்கவேண்டும் என்பது என் கட்சி. எடுக்கப்போகிறவன்தான் சுற்றவேண்டும் என்பது அவன் கட்சி. இதன் பலன் என்னவென்றால், நான் சுற்றிக் கொடுத்ததை அவன் மறுபடி சுற்றுவான். நடுவில் ஒரு கட்டம் வெறுமையாகப் போகும். அவன் சுற்றாமல் கொடுத்ததில் நான் அப்படியே எடுப்பேன். ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் விழும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். முதல் ரோலில் உருப்படியாக வந்தவற்றைக் கைவிரலில் எண்ணிவிடலாம். திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் நான் காத்திருந்து எடுத்த ரயில், அவன் வீட்டுக் கிரைண்டருக்குள் புகுந்து போயிற்று.

"சாப்பிட்டவன் எலைய எடுக்கணுமா, அடுத்த பந்திக்குக் குந்துறவன் எடுக்கணுமா? நீயே சொல்லுடா" என்று கேட்டேன்.

"எலை வேற, மிஷின் வேற மச்சான். முன் ஷிப்டுக்காரன் சரியா வெச்சிருப்பான்னு நம்பிக் கைய வெக்கக்கூடாது. நீயே ஒருவாட்டி சரிபண்ணிட்டுத்தான் தொடணும்."

ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி வைத்திருக்கலாமே என்பீர்கள். ஒட்டினால் யாரோ ஒருவர் தோற்றதாகிவிடும். இரண்டு பேரும் ஒட்டவில்லை.

அவன் ஏன் அப்படி அடம்பிடித்தான் என்று உங்களில் பழைய ஆட்களுக்குத் தெரியும். எனக்கு அது உறைக்க நாளாயிற்று. அவனுடைய வலது ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. நம் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால், வேறொரு பட்டறையில், "எல்லாம் ரெடியா கீது, நீ ஸ்டார்ட் பண்ணு" என்று சொல்லிவிட்டு ஒருவன் வீட்டுக்குப் போனான். அதை நம்பிப் பிரஸ் மிஷினுக்குள் கையை விட்டான் தணிகா. அந்தக் குட்டை விரலால்தான் ஃபிலிமின் நுனியை உருளையின் பொந்தில் செருகப் பார்ப்பான். வழுக்கிக்கொண்டே போகும். நான் செருகுகிறேன் என்றால் தரமாட்டான். ஒருநாள் பொறுமை இழந்து, "அந்த வெரலை வெச்சிகினு இன்னாத்துக்குடா இந்த வேலை?" என்று கத்திவிட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "மிஷின் பொய் சொல்லாது மச்சான். வெச்சிட்டுப் போற ஆளுதான் சொல்லுவான்" என்றான். அப்புறம் என்னைப் பார்த்து, "உன்ன சொல்லல" என்றும் சேர்த்துக்கொண்டான்.

அவன் போன அதே வாரம், திங்கட்கிழமை. காலையில் மாங்காட்டில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு நேரே ஷிப்டுக்கு வந்தான். கருநீலச் சட்டை, நெற்றியில் குங்குமம், சவரம் செய்த முகம். கேமரா என்னிடம் இருந்தது. "நில்லுடா, ஒண்ணு எடுக்கிறேன்" என்றேன். அவன் எப்போதும் எடுக்கிறவன், எடுக்கப்பட நிற்கமாட்டான். அன்று என்னவோ கேட்டில் சாய்ந்து நின்றான். வெளிச்சம் நன்றாக விழுந்தது. கண்ணாடியில் அவன் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. எடுத்துவிட்டுக் குமிழில் கை வைத்தேன். பிறகு அவனுடைய அந்தக் குட்டை விரலைப் பார்த்தேன். போகட்டும், இந்த ஒரு தடவை அவன் கட்சியிலேயே இருப்போம் என்று சுற்றாமல் கொடுத்துவிட்டேன். சொல்லவில்லை. சொல்லாமலே அவன் சுற்றித்தான் எடுப்பான்.

இறந்த மறுநாள் அவன் மனைவி அமுதா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பந்தலுக்கு வெளியே கட்டியிருந்த பேனரில், வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அதில் இருப்பவன் யாரோ மீசை முளைக்காத பையன். போனில் தேடினால் எல்லாப் படத்திலும் மற்றவர்கள்தான் இருக்கிறார்கள். அவன் விரல் மட்டும் சிலவற்றில் மூலையில் தெரிகிறது. "அண்ணா, எப்பப் பாத்தாலும் ரெண்டு பேரும் எடுத்துகினே இருப்பீங்களே. மாலை போட ஒரு படம் இல்லியா?" என்றாள். இருக்கிறது என்றேன். காரியத்துக்குள் கொண்டுவருகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன். கேமராவை வாங்கி வந்து, மீதமிருந்த கட்டங்களில் கம்பெனிச் சுவரையும் சைக்கிள் ஸ்டாண்டையும் கண்டபடி எடுத்து ரோலை முடித்தேன். பாதியில் கழற்ற முடியாதே. ஃபிலிம் கழுவுகிற லேபில் இந்த அளவு ஃபிலிமை வாரத்துக்கு ஒருமுறைதான் கழுவுவோம் என்றார்கள். கெஞ்சினேன், கத்தினேன். காரியத்துக்கு முந்தின நாள்தான் பிரிண்ட் கைக்கு வந்தது.

படத்தில் தணிகா இருந்தான். சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் நெற்றிக்குக் குறுக்கே ஒரு துணிக்கொடி ஓடியது. கருநீலச் சட்டை இருந்த இடத்தில் பூப்போட்ட போர்வை காய்ந்துகொண்டிருந்தது. அவன் சுற்றவில்லை! ஒரு வருஷமாக என் உயிரை வாங்கியவன், நான் ஒரே ஒரு நாள் விட்டுக்கொடுத்தபோது சுற்றாமல் எடுத்திருக்கிறான். பஸ்ஸில் உட்கார்ந்து வாய்விட்டே திட்டினேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

வெறுங்கையோடு போக முடியாமல் அதையே அமுதாவிடம் நீட்டினேன். "கெட்டுப்போச்சும்மா, ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துடுச்சி" என்றேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இது எங்க ஊட்டு மாடி. செவ்வாக்கெழமை எடுத்தாரு. ஓரத்துல நான்தான் கிளிப்பு கழட்டுறேன் பாருங்க" என்றாள். நான் அப்போதுதான் கவனித்தேன். கை தூக்கி நிற்கிறாள். அவன் தோளில் ஒட்டியிருந்த எதையோ எடுக்கிறவள் மாதிரி இருந்தது.

"எப்பவும் எடுக்குறதுக்கு முன்னாடி கரகரன்னு சுத்துவாரே, அன்னைக்குச் சுத்தல. இன்னாங்க சுத்தலியான்னு கேட்டேன். 'அவன் சுத்திதான் குடுத்திருப்பான். சும்மா எத்தினி நாளு சண்டை போடுறது, இனிமே அவனை நம்பியே எடுக்குறேன்'னாரு."

நான் அழுதேன். அமுதா அழவில்லை. "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துகினது இல்லண்ணா" என்றாள். காரியத்துக்கு அந்த மீசையில்லாத பையனுக்கே மாலை போட்டார்கள். துணிக்கொடிப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். போகிறவர்கள் பார்க்கலாம்.

கேமராவை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். இப்போது அது ஒரே ஆளிடம் இருக்கிறது. யார் சுற்றுவது என்ற கேள்வியே கிடையாது. படம் எடுத்ததும் என் வழக்கப்படி சுற்றி வைத்துவிடுகிறேன். அடுத்த நாள் கையில் எடுக்கும்போது, வைத்துவிட்டுப் போனவனை நம்பாதே என்று அவன் சொன்னது காதில் விழுகிறது. சுற்றித்தான் இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தும் இன்னொரு தடவை சுற்றுகிறேன். அதனால் ரோலுக்கு ஒன்றிரண்டு கட்டம் வெறுமையாகவே வருகிறது. கழுவித் தருகிற பையன் ஒவ்வொரு முறையும், "சார், இங்க ஒண்ணுமே விழல, கேமராவக் கொஞ்சம் செக் பண்ணுங்க" என்கிறான். கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. அது தணிகாவின் பங்கு.